பதினான்கு நாள் கூலி யார் கணக்கில்?

காய்ச்சலோ இருமலோ வந்தால் வீட்டை விட்டு நகராமல் இருப்பீர்களா என்று 2020இல் பிரிட்டன் மக்களிடம் கேட்டார்கள். சுமார் 70 சதவீதம் பேர், இருப்போம் என்றார்கள். அறிகுறி வந்தே விட்டவர்களிடம், அப்படி இருந்தீர்களா என்று கேட்டார்கள். இருந்தோம் என்றவர்கள் 18.2 சதவீதம். அந்த ஆண்டு மார்ச் 2 முதல் ஆகஸ்ட் 5 வரை 31,787 பேரிடம் வாங்கிய பதில்களிலிருந்து வந்த கணக்கு இது. லண்டன் கிங்ஸ் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எடுத்தது.

நூற்றுக்கு ஐம்பதுக்கும் மேலான இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும், ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை அன்று எல்லா இடத்திலும் அதைத்தான் பேசினோம். அந்த முடிவு தவறு என்பதே என் எண்ணம். தனிமையில் இருப்பது அரசு ஒருவரிடம் ஒப்படைக்கும் வேலை. பலன் ஊருக்கு, செலவு அவருக்கு. அந்தச் செலவை யாரும் ஏற்காத இடத்தில்தான் ஆள் வெளியே போனார். ஒவ்வொரு நாடும் விட்டுச் சென்ற எண்களைப் பார்த்தால் இது தெரியும்.

முதலில் அறிவு. அதே ஆய்வை 2021 ஜனவரி இறுதி வரை நீட்டித்தார்கள். 37 சுற்றுகள், 45,957 பேர், 74,697 பதில்கள். மார்ச் மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பிரிட்டன் அரசு அறிவித்திருந்த முக்கிய அறிகுறிகள் மூன்றே மூன்று: தொடர் இருமல், காய்ச்சல், வாசனையோ ருசியோ தெரியாமல் போவது. இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்தவர்கள் சராசரியாக 51.5 சதவீதம். விளம்பரப் பலகை, வானொலி, பிரதமரின் பேச்சு எல்லாம் ஏறத்தாழ ஓராண்டு ஓடிய பிறகும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இதை அறியாமை என்று மக்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது. வாசனை இழப்பு பட்டியலில் சேர்ந்ததே 2020 மே 18இல்தான். அறிகுறி உள்ளவர் 7 நாள் இருந்தால் போதும் என்றது ஜூலை இறுதியில் 10 ஆனது. தொடர்பில் இருந்தவருக்கு 14 என்றிருந்தது டிசம்பரில் 10 ஆனது. எண் மாறிக்கொண்டே இருந்தால், கடைசியாகக் காதில் விழுந்ததைத்தான் மனிதர் நினைவில் வைப்பார்.

ஆனால் தெரிந்தவர்களும் இருக்கவில்லை. நீட்டித்த ஆய்வில் முழுமையாகத் தனிமையில் இருந்தவர்கள் சராசரியாக 42.5 சதவீதம். பரிசோதனை கேட்டவர்கள் 18. கூடப் பழகியவர்களின் விவரத்தைக் கொடுப்போம் என்றவர்கள் மட்டும் 79.1. யார் இருக்கவில்லை என்ற பட்டியலைப் படித்தால் விஷயம் புரியும்: ஆண்கள், இளைஞர்கள், வீட்டில் சிறு குழந்தை உள்ளவர்கள், உழைக்கும் வர்க்கத்தார், பணமுடையில் இருப்பவர்கள், அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள். முதல் இரண்டை விட்டுவிடுங்கள். மற்ற நான்கும் குணத்தைப் பற்றியவை அல்ல, வாழும் நிலைமையைப் பற்றியவை.

இன்னொரு ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டியது. 2020 மார்ச் 17, 18 தேதிகளில், அதாவது ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்பு, 2,108 பேரிடம் எடுத்தது. தனிமையில் இருக்க மனம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் பெரும்பாலோர் ஆம் என்றார்கள். இருக்க முடியுமா என்று கேட்டபோது பதில் பிரிந்தது. மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு அது முடிவதற்கான வாய்ப்பு வசதியானவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இங்கே ஓர் எண்ணை மறைத்துவிட்டுப் பேசினால் அது நேர்மை ஆகாது. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தில் எடுத்த கணக்கில், தொற்று உறுதியானவர்களில் 86 சதவீதம் பேர் விதியை முழுமையாகக் கடைப்பிடித்ததாகச் சொன்னார்கள். 18.2, 42.5, 86. மூன்றில் எது உண்மை? மூன்றும்தான், ஏனென்றால் வகுக்கும் எண் வேறு. முதல் இரண்டும் அறிகுறி வந்த எல்லோரையும் கேட்டவை. மூன்றாவது, பரிசோதனைக்குப் போய், பாசிட்டிவ் என்று முடிவு வந்து, தொலைபேசியில் கூப்பிட்டு இந்தத் தேதி வரை வெளியே போகாதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களைக் கேட்டது. தன்னைப் பற்றித் தானே சொல்வதில் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் இருக்கும். அதைக் கழித்தாலும், தெளிவாகச் சொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இருந்தார்கள் என்பதே பொருள். குடத்தில் ஓட்டை அடியில் இல்லை, கழுத்தில் இருந்தது.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். அறிகுறி உள்ள 100 பேர். பரிசோதனை கேட்பவர்கள் 18. அந்த 18 பேரும் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டு அவர்களில் 86 சதவீதம் பேர் அடங்கியிருந்தால் 15 பேர். மீதி 85 பேரில் பலர் பரிசோதனை மையத்தின் வாசலுக்கே வரவில்லை. முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் வரை சம்பளம் போகும்.

எவ்வளவு போகும்? 2020 ஏப்ரல் முதல் பிரிட்டனில் 25 வயதுக்கு மேற்பட்டவருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்க்கும் கிடங்குத் தொழிலாளிக்கு 348.80 பவுண்டு. இரண்டு வாரத்துக்கு 697.60. தனிமையில் இருந்தால் சட்டப்படி கிடைக்கும் நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 95.85, இரண்டு வாரத்துக்கு 191.70. துண்டு விழுவது 505.90 பவுண்டு. அந்த 95.85கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வாரத்துக்குச் சராசரியாக 120 பவுண்டாவது சம்பாதித்தவர்களுக்குத்தான் அன்று தகுதி இருந்தது. அந்த வரம்புக்குக் கீழே சுமார் 20 லட்சம் பேர் இருந்தார்கள் என்பது தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கணக்கு.

இதே நாட்டில் அதே மாதங்களில் இன்னொரு திட்டம் ஓடியது. ஊரடங்கால் வேலை நின்றுபோனவர்களுக்கு அரசே 80 சதவீதச் சம்பளம், மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தது. ஃபர்லோ என்று பெயர். 1 கோடியே 17 லட்சம் வேலைகளை அது தாங்கியது, மொத்தச் செலவு 7,000 கோடி பவுண்டு. நான் இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். நோய் இல்லாதவர் வீட்டில் இருக்க மாதம் 2,500 வரை. நோய்க்கிருமி உள்ளவர், அதாவது வெளியே போனால் உண்மையாகவே ஆபத்தானவர், வீட்டில் இருக்க வாரம் 95.85. ஃபர்லோ குறுகிய கால நோய் விடுப்புக்கானது அல்ல என்று விதிமுறையிலேயே எழுதியிருந்தார்கள். பணம் இல்லாத நாடு செய்த காரியமல்ல இது. பணம் இருந்தும், எந்த வாசலில் கொடுக்க வேண்டும் என்று பார்க்காத காரியம்.

2020 செப்டம்பர் 28இல் இங்கிலாந்தில் தனிமை சட்டக் கடமை ஆயிற்று. மீறினால் 1,000 பவுண்டு அபராதம், திரும்பத் திரும்ப மீறினால் 10,000 வரை. மேலே சொன்ன கிடங்குத் தொழிலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். அடங்கி இருந்தால் 506 பவுண்டு நிச்சயமாகப் போகும். வெளியே போனால் 1,000 போகலாம், போகாமலும் இருக்கலாம். பிடிபடும் வாய்ப்பு பாதிக்குப் பாதியைத் தாண்டினால்தான் அபராதம் கூலியிழப்பைவிடக் கனக்கும். எந்தப் போலீஸாலும் வீடு வீடாகப் போய் அந்த வாய்ப்பை உண்டாக்க முடியாது. அவர் இப்படித் தாளில் கணக்குப் போட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. வாடகை தேதி அவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கும்.

அபராதம் வந்த அதே நாளில் உதவித்தொகையும் வந்தது: குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒரே தவணையாக 500 பவுண்டு. அதற்கு முன்பு செப்டம்பர் தொடக்கத்தில் பிளாக்பர்ன், பெண்டில், ஓல்டம் ஆகிய மூன்று இடங்களில் நாளுக்கு 13 பவுண்டு கொடுத்து முன்னோட்டம் பார்த்திருந்தார்கள். 14 நாளுக்கு 182. அதோடு ஒப்பிட்டால் 500 நல்ல தொகை, மேலே பார்த்த 505.90 துண்டை ஏறக்குறைய அடைக்கும் தொகை. கோளாறு அளவில் இல்லை, வாசலில். உள்ளாட்சிகளுக்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது 5 கோடி பவுண்டு. அதில் முதன்மைத் திட்டத்துக்கு 2.5 கோடி, அதாவது 50,000 பேருக்கு. 2021 ஜனவரி உச்சத்தில் பிரிட்டனில் ஒரே நாளில் பதிவான தொற்று 60,000ஐத் தாண்டியது. பின்னர் நிதியைக் கூட்டினார்கள், உண்மை. ஆனால் விண்ணப்பித்தவர்களில் 10க்கு 7 பேர் நிராகரிக்கப்பட்டதாக உள்ளாட்சிகளிடமிருந்து விவரம் திரட்டித் தொழிற்சங்கக் கூட்டமைப்பு சொன்னது. சலுகை பெறும் பட்டியலில் பெயர் இல்லை, வருமானம் வரம்பை ஒட்டி மேலே நிற்கிறது, ஆவணம் போதவில்லை என்று ஏதோ ஒன்று இடித்திருக்கும்.

இந்தத் தொகையை, தொற்றைப் பரிசோதித்துத் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் திட்டத்தின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2020 மே 28இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு முதல் நிதியாண்டு ஒதுக்கீடு 2,200 கோடி பவுண்டு, செலவானது சுமார் 1,350 கோடி. முதலில் ஒதுக்கிய 1,500 கோடியில் சுமார் 85 சதவீதம் பரிசோதனைக்கே போனது. அந்த 1,500 கோடிக்கு எதிரே 5 கோடியை வைத்தால், 1,000 பவுண்டுக்கு 3 பவுண்டு 33 பென்ஸ். கண்டுபிடிக்க 850 பவுண்டு, கண்டுபிடித்தவரை வீட்டில் உட்கார வைக்க மூன்றே கால் பவுண்டு. கண்டுபிடித்ததன் பயனே அவர் உட்காருவதில்தான் இருக்கிறது. இந்த விகிதத்தை எந்த மேசையில் யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தொற்று உறுதியான எல்லோருக்குமே 500 கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் ஒருமுறை எழுந்தது. 2021 ஜனவரியில் செய்தித்தாளில் வெளியான அரசின் உள் ஆவணப்படி, அதற்கு வாரம் 45.3 கோடி பவுண்டு வரை ஆகும். வகுத்தால் வாரத்துக்கு 9 லட்சத்து 6 ஆயிரம் பேர். பெரிய தொகைதான். உச்ச வேகத்திலேயே கொடுத்துக்கொண்டிருந்தால் 2,200 கோடி 48 வாரத்தில் தீர்ந்துவிடும். யோசனை அங்கேயே நின்றது. ஆனால் தொற்று குறைந்தால் செலவும் குறையும் என்பதையும், 2020இல் அந்த நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 10 சதவீதம் சரிந்தது என்பதையும் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

பணத்தில் அளக்க முடியாத ஒரு செலவும் அந்த ஆண்டு ஏற்பட்டது. பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், மனைவிக்கு அறிகுறி தோன்றிய நிலையில், குடும்பத்தோடு லண்டனிலிருந்து சுமார் 260 மைல் காரோட்டி டர்ஹாமுக்குப் போனது மே 22இல் வெளியே தெரிந்தது. இருவரும் படுத்துவிட்டால் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 40,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கேட்டுவந்த ஆய்வு ஒன்று, அந்த நாளிலிருந்து இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்ததைப் பதிவு செய்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அந்த அளவுக்குச் சரியவில்லை. அவர் சொன்ன காரணம் பொய்க் காரணமல்ல. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தனிமை கடினம் என்று முதல் ஆய்வே காட்டியது. அந்தக் காரணம் பேருந்து ஓட்டுநருக்கும் செல்லும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதே பாடத்தை வேகமாகப் படித்தது. 2020 ஜூலை 7 முதல் 21 வரை பதிவான 3,810 தொற்றாளர்களில் சுமார் 3,400 பேர், அறிகுறி தொடங்கியதிலிருந்து பரிசோதனைக்குப் போகும் வரை தனிமையில் இருக்கவில்லை என்று மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் அறிவித்தார். 10க்கு 9 பேர். பரிசோதனை கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாள்களில்கூட 53 சதவீதம் பேர் அடங்கியிருக்கவில்லை. விடுப்புச் சம்பளம் இல்லாத வேலைகள்தான் காரணம் என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களுக்கு 300 ஆஸ்திரேலிய டாலர், பாசிட்டிவ் ஆனவருக்கும் அவரோடு பழகியவருக்கும் 1,500 டாலர் என்று தொகை வந்தது. தடியும் கூடவே வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் 3,000 வீடுகளின் கதவைத் தட்டியதில் 800க்கும் மேற்பட்டோர் உள்ளே இல்லை. உடனடி அபராதம் 4,957 டாலர் ஆனது. ஆனாலும் காத்திருக்கும் இரண்டு மூன்று நாளுக்கென்று தனியாக ஒரு தொகையை வைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். முடிவு வரும் முன்பே கூலி போகிறது என்பதை அந்த 300 ஒப்புக்கொண்டது.

தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் புதிரல்ல. சான்பிரான்சிஸ்கோ நகரம் தொற்று வந்த தொழிலாளிக்கு 1,285 டாலர் கொடுத்தது. எங்கிருந்து வந்தது இந்த எண்? நகரத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 16.07 டாலர். இரண்டு வாரம், 80 மணி. பெருக்கினால் 1,285.60. அவ்வளவுதான். ஜெர்மனியில் தொற்றுத் தடுப்புச் சட்டமே, அதிகாரி உத்தரவிட்டுத் தனிமையில் வைக்கப்பட்டவருக்கு முதல் ஆறு வாரம் இழந்த சம்பளத்தை முழுதாக ஈடு செய்கிறது. கொரோனாவுக்காக எழுதிய விதி அல்ல, முன்பே இருந்தது.

இஸ்ரேலில் 2020 பிப்ரவரி கடைசியில், கொள்ளைநோய் அங்கே பரவும் முன்பே, 563 பேரிடம் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டார்கள். இழந்த சம்பளம் கிடைக்கும் என்றால் தனிமையில் இருப்பீர்களா? 94 சதவீதம் ஆம். கிடைக்காது என்றால்? 57க்கும் கீழே. அதே மக்கள், அதே நோய்.

தைவான் இரண்டு கையையும் பயன்படுத்தியது. தனிமையில் இருப்பவருக்கு நாளுக்கு 1,000 தைவான் டாலர், 14 நாளுக்கு 14,000. விதியை மீறினால் அபராதம் 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. கயோசியுங் நகர விடுதியில் தனிமையில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் 2020 இறுதியில் அறையை விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தது 8 விநாடி. அபராதம் 1 லட்சம். அந்தக் கடுமை எனக்கு ஏற்பில்லை. ஆனால் தைவானைப் புகழும் பலர் அந்த 8 விநாடியை மட்டும் சொல்லிவிட்டு 14,000ஐ விட்டுவிடுகிறார்கள்.

உடம்பையும் பையையும் தாண்டி மனதுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். 2003 சார்ஸ் காலத்தில் டொரன்டோவில் 15,000 பேருக்கு மேல் தனிமையில் இருந்தார்கள். அவர்களில் 129 பேரிடம் பின்னர் கேட்டபோது, 28.9 சதவீதம் பேரிடம் அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் அறிகுறிகளும் 31.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் தெரிந்தன. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் அவர்கள், எல்லோருக்கும் பொருந்தாது. எத்தனை நாள் அடைந்து கிடந்தார்களோ அந்த அளவுக்கு அறிகுறியும் கூடியது.

இனி நம் தெரு.

2020 மார்ச்சில் சென்னை மாநகராட்சி வீட்டு வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைய வேண்டாம், தனிமைப்படுத்தப்பட்ட வீடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. பிறகு சில தெருக்களில் தகரம் வந்தது. வாசலையோ சந்தையோ மறித்துச் சவுக்குக் கட்டையில் அடித்த தகரம். "அந்த வீட்டுக்குத் தகரம் அடிச்சுட்டாங்க" என்பது அந்த மாதங்களில் சாவுச் செய்தி போலப் பரவிய வாக்கியம். பால் பாக்கெட்டைத் தகரத்தின் மேல் விளிம்பு வழியாக வாங்கியவர்கள் உண்டு. காய்கறியும் மருந்தும் வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களை அமர்த்தியது, அவர்களில் பலர் மனதார உழைத்தார்கள். ஆனால் ஊர் பார்த்தது தகரத்தை. நோய் அறிவிப்பதும் ஊரை விட்டு ஒதுக்குவதும் ஒன்றாகத் தோன்றும் நாட்டில் அதன் எடை வேறு. 2020 டிசம்பர் 9இல் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டாலன்றி நோயாளி வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றது. அப்படி ஒட்டச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் தரவில்லை என்பது மத்திய அரசின் வாதம்.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வீட்டுத் தனிமை வழிகாட்டுதல் சொன்னது வேறு: காற்றோட்டமான தனி அறை, முடிந்தால் அதோடு சேர்ந்த அல்லது தனியான கழிப்பறை. இன்னொருவரும் அதே அறையில் இருந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு மீட்டர் இடைவெளி. நல்ல விதி. நாட்டில் யாரிடம் இருக்கிறது அந்த அறை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஒரே ஓர் அறையில் குடியிருந்த குடும்பங்கள் 37.1 சதவீதம். தமிழ்நாட்டில் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் 48.3 சதவீதம். அதற்குப் பிறகு நிறையக் கழிப்பறைகள் கட்டினார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் பிறரோடு பகிராத மேம்பட்ட கழிப்பறை வசதி உள்ள வீட்டில் வசிப்போர் 72.6 சதவீதம். மீதி 27 சதவீதத்துக்கு மேல், தனிமை என்பது காலையில் எழுந்ததும் முறிந்துவிடுகிற ஒன்று. வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும். மீறல் என்று இதை யார் மீது எழுதுவது?

கூலிக்கு வருவோம். 2020-21இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி நாளுக்கு 256 ரூபாய். 14 நாளுக்கு 3,584. கட்டட வேலை, பெயின்டிங், ஆட்டோ என்றால் இதைவிடக் கூடும். இதைக் கீழ்மட்டமாக வைத்துக்கொள்கிறேன். 2020 செப்டம்பரில் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி மாநில அரசு விதித்த அபராதங்கள்: முகக்கவசம் இல்லையென்றால் 200, எச்சில் துப்பினால் 500, தனிமை விதியை மீறினால் 500. சென்னை மாநகராட்சி 2021 இரண்டாம் அலையில் வீட்டுத் தனிமையை மீறும் நோயாளிக்கு 2,000 என்று அறிவித்தது. இங்கிலாந்தில் அபராதம் இழப்பைப் போல இரண்டு மடங்கு. இங்கே 500 என்பது இரண்டு நாள் கூலி, 3,584 என்பது பதினான்கு நாள் கூலி. ஆகவே நம் ஊரில் மக்களை வீட்டுக்குள் வைத்தது அபராதம் அல்ல. தகரமும், அக்கம்பக்கத்துக் கண்ணும், பயமும்தான்.

அந்தப் பயத்தின் விலையையும் ஓர் ஆய்வு காட்டுகிறது. 2020 ஜூலையில் சென்னையில் 12,000க்கு மேற்பட்டோரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 21.5 சதவீதம் பேரிடம் எதிர்ப்பணுக்கள் இருப்பதாக மாநகராட்சி அறிவித்தது. புள்ளியியல் முறையில் சரிசெய்து ஆய்விதழில் வந்தபோது 18.4 சதவீதம். மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கின்படி சுமார் 67 லட்சம் பேர். குறைவான எண்ணையே எடுத்தாலும் 12 லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கிருமி தொட்டிருக்கிறது. அந்த ஜூலை இறுதி வரை அதிகாரப்பூர்வமாகப் பதிவான தொற்று சுமார் 1 லட்சம். ஸ்டிக்கர் ஒருவர் வாசலில், ஸ்டிக்கர் இல்லாமல் 11 பேர். இவர்களில் பலருக்கு அறிகுறியே தெரிந்திருக்காது. அதை ஒதுக்கினாலும், காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களை நாம் எல்லோரும் அறிவோம். தகரம் அடித்த வீடு அடங்கியது. அதைப் பார்த்த பத்து வீடுகள் காய்ச்சல் முகாமுக்குப் போகாமல் இருந்துவிட்டன.

வேறு வழி இருந்தது என்பதற்கு மும்பையின் தாராவியைச் சொல்வேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். சுமார் 2.4 சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சம் பேர் என்பது அதிகாரிகள் சொல்லும் மதிப்பீடு. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர். 80 சதவீதம் பேருக்கு 450 பொதுக் கழிப்பிடங்கள்தான் கதி. வகுத்தால் ஒரு கழிப்பிடத்துக்கு 1,500 பேர். 2020 ஏப்ரல் 1இல் முதல் தொற்று தெரிந்தபோது, வீட்டுத் தனிமை இங்கே நடக்காது என்று மும்பை மாநகராட்சி ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பள்ளிக்கூடங்களையும் திருமண மண்டபங்களையும் விளையாட்டு வளாகத்தையும் எடுத்தார்கள். படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, மருத்துவர், எல்லாம் இலவசம். பொதுக் கழிப்பிடங்களைத் திரும்பத் திரும்பக் கிருமிநாசினி போட்டுக் கழுவினார்கள். தொற்று இரட்டிப்பாகும் காலம் ஏப்ரலில் 18 நாள், மே மாதத்தில் 43, ஜூனில் 108 என்று நீண்டது. எல்லாப் புகழும் முகாமுக்கே போகாது. மும்பையின் வேறு மூன்று வார்டுகளில் ஜூலையில் எடுத்த ரத்தச் சோதனையில் குடிசைவாசிகளில் 57 சதவீதம் பேரிடம் எதிர்ப்பணுக்கள் இருந்தன. தாராவியிலும் கிருமி கண்ணில் படாமல் பரவி ஓய்ந்திருக்கலாம். ஆனாலும், சோறு போட்டு இடம் கொடுத்தபோது மக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தார்கள் என்பது மாறாது.

தமிழ்நாட்டிலும் பணம் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், 2021இல் இரண்டு தவணையாக 4,000. இரண்டாம் ஆண்டின் முதல் தவணைக்கு மட்டும் 2 கோடியே 7 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு 4,153 கோடி ரூபாய். பல அடுப்புகளை எரிய வைத்த பணம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஊரடங்கு நிவாரணம். இன்று பாசிட்டிவ் என்று தெரிந்தவருக்கு, நாளை காலை வேலைக்குப் போகாதே, இதோ உன் கூலி என்று கொடுத்தது அல்ல. அந்த ஒரு தவணைத் தொகையை 3,584ஆல் வகுத்தால் 1 கோடியே 15 லட்சம் பேருக்குப் பதினான்கு நாள் கூலி வருகிறது. பாசிட்டிவ் ஆனவரோடு வீட்டில் இருந்த ஒரு லட்சம் பேருக்குக் கொடுக்க 35 கோடியே 84 லட்சம் போதும்.

அந்தப் பணம் எங்கே தடுக்கப்பட்டது என்பதை ஒரு தாள் காட்டுகிறது. 2020 மார்ச் 14இல் மத்திய உள்துறை அமைச்சகம், மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கொரோனாவுக்குச் செலவிடலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. ஆண்டு ஒதுக்கீட்டில் 25 சதவீதம் வரை, பின்னர் அந்த வரம்பு உயர்ந்தது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில், தனிமை முகாமில் இருப்பவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம், உணவு, உடை, மருத்துவம் என்று இருக்கிறது. அதன் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு: வீட்டுத் தனிமை நீங்கலாக. முகாமுக்குப் போனவர்களுக்குச் சோறு உண்டு, வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இல்லை. நாட்டில் தனிமையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருந்தார்கள். அடுத்த கொள்ளைநோய்க்கான கடிதத்தை எழுதும்போது அந்த விலக்கை நீக்க வேண்டும். அபராதத் தொகை இருக்கும் அதே சட்டத்தில், அன்றைய குறைந்தபட்சக் கூலியைப் பதினான்கால் பெருக்கிய தொகையையும் எழுத வேண்டும். பணம் மூன்றாம் நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும், இருபதாம் நாள் அல்ல. அதற்கான வங்கிக் கணக்கு விவரம் நூறு நாள் வேலைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது.